சாலையோரம் இறங்குகிறதா? அறிகுறியிலிருந்து காரணத்தைத் தேடும் வழிமுறை

கோலாலம்பூரிலும் அதன் சுற்றுவட்டாரத் தாமான்களிலும் (குடியிருப்புப் பகுதிகளிலும்) சாலைப் பராமரிப்பு மேற்பார்வையாளனாக வேலை செய்த இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், ஒரே சாலையின் ஒரே ஓரத்தை மூன்று முறை, நான்கு முறை திறந்து மூட வேண்டிவந்த இடங்கள் எனக்குப் பல உண்டு. அந்த இடங்கள் எல்லாவற்றிலும் நாங்கள் செய்த தவறு ஒன்றுதான். இறங்கிய இடத்தை நிரப்பினோம்; அங்கிருந்த மண் எங்கே போயிற்று என்று தேடவில்லை. சாலையோர மண்ணை அரித்துக்கொண்டு போவது ஏறக்குறைய எப்போதும் தண்ணீர்தான். அது வரும் வழியையும் போகும் வழியையும் கண்டுபிடிக்காமல் மேலே பிரீமிக்ஸ் (தாரில் கலந்த சல்லி) கொட்டினால் பள்ளம் கண்ணுக்கு மறையும். வெற்றிடம் உள்ளே வளர்ந்துகொண்டே இருக்கும்.

குடியிருப்பாளர் சங்கத்தினர், கோயில் நிர்வாகத்தினர், அடுக்குமாடி நிர்வாகக் குழுவினர், சிறு குத்தகையாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் கண்ணில் பட்ட அறிகுறியைத் தலைப்புகளில் தேடி, அதன் கீழுள்ள சோதனைகளை எழுதியிருக்கும் வரிசையிலேயே செய்துவாருங்கள். செலவில்லாத காரணம் முதலிலும் செலவு மிகுந்த காரணம் கடைசியிலும் வரும்படி அடுக்கியிருக்கிறேன்.

எந்தச் சோதனைக்கும் முன்பாக

நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பு இறங்குகிறது, காலையில் பார்த்த விரிசல் மாலைக்குள் அகன்றிருக்கிறது, தாங்கு சுவரின் அடியிலிருந்து கலங்கிய நீர் வருகிறது, குழிக்குள் மின்கம்பியோ எரிவாயு நாற்றமோ தெரிகிறது, தார்ப்பரப்பை மிதித்தால் அடியில் ஒன்றுமில்லாததுபோல் ஓசை கேட்கிறது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் சோதனை எதுவும் வேண்டாம். ஆட்களையும் காடிகளையும் (வாகனங்களையும்) விலக்கிவிட்டு, இரு புறமும் சாலையை மறித்து, 999 எண்ணுக்கு அழையுங்கள். குழியின் விளிம்பில் நின்று படம் எடுக்காதீர்கள். வெளியே தெரியும் குழி சிறியதாக இருந்தாலும் தாருக்கு அடியில் அது குடத்தைப்போல் அகன்றிருக்கலாம். நீங்கள் நிற்கும் இடமே அதன் மூடியாக இருக்கக்கூடும்.

மற்றபடி, கையில் இருக்கவேண்டியவை சில பொருள்கள்தான்: கடப்பாரை, அளவு நாடா, கான்கிரீட் ஆணி, ஸ்பிரே பெயிண்ட், டார்ச் விளக்கு, உணவில் கலக்கும் சிவப்புச் சாயம், நீச்சல்குள நீரைச் சோதிக்கும் குளோரின் சோதனைப் பெட்டி.

அறிகுறி 1: தாரின் விளிம்பு துண்டு துண்டாக உடைந்து உதிர்கிறது

இது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. சாலையை ஒட்டிய மண் தாரைவிடத் தாழ்ந்துபோனதால், பக்கவாட்டில் பிடிமானம் இல்லாத தார் லோரிச் சக்கரம் ஏறும்போது உடைகிறது. விளிம்புக்கும் மண்ணுக்கும் உள்ள உயர வேறுபாட்டை அளந்து பாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால், கிரஷர் ரன் (தூளோடு கலந்த உடைகல்) கொட்டி இறுக்கி, தாரின் மட்டத்துக்குக் கொண்டுவந்து, வெளிப்புறமாக நீர் வழியும்படி சற்றுச் சாய்த்துவிடுங்கள். தளர்ந்த மண்ணை மட்டும் கொட்டினால் அடுத்த பெருமழையோடு அது கால்வாய்க்குள் போய்விடும்.

மண் ஏன் தாழ்ந்தது என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். சாலையில் ஓடும் மழைநீர் கால்வாய்க்குள் இறங்க வழியில்லாமல், குப்பை அடைத்த நீர்வாயைத் தாண்டி ஓரத்து மண்ணிலேயே ஓடியிருக்கும். கனத்த மழை பெய்யும்போது குடையோடு ஐந்து நிமிடம் நின்று பார்ப்பதைவிடச் சிறந்த சோதனை இதற்கு இல்லை. உடைந்த பகுதி அரை மீட்டருக்கு மேல் உள்ளே வந்துவிட்டாலோ, உடைந்த துண்டுகள் கீழ்நோக்கிச் சாய்ந்து கிடந்தாலோ, இது விளிம்பு உதிர்வு அன்று. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

அறிகுறி 2: சாலையின் நீளவாக்கில், ஓரத்துக்கு இணையாக விரிசல்

விரிசலின் வடிவத்தை முதலில் பாருங்கள். அடுத்த நடவடிக்கையைத் தீர்மானிப்பது அதுதான்.

நேர்க்கோடாக, நூல் பிடித்ததுபோல் ஓடும் விரிசல் பெரும்பாலும் பழைய சாலையை அகலப்படுத்தியபோது பழைய பகுதியும் புதிய பகுதியும் சேர்ந்த இடம், அல்லது குழாய் புதைக்க வெட்டி மூடிய பள்ளத்தின் விளிம்பு. புதிய மண்ணைப் படிகள்போல் வெட்டிப் பழைய மண்ணோடு பிணைக்காமல், சரிவின்மேல் அப்படியே சாய்த்துக் கொட்டியிருந்தால், அது தன் எடையாலேயே காலப்போக்கில் தனியாக அமரும். இரு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்து, அகலம் பல வாரம் மாறாமலும் இருந்தால், விரிசலைச் சுத்தம் செய்து பிட்டுமன் (தார்) ஊற்றி மூடலாம். மழைநீர் உள்ளே இறங்காமல் தடுப்பது மட்டுமே அதன் நோக்கம்.

பிறைபோல் வளைந்து, இரு முனைகளும் சரிவை நோக்கித் திரும்பும் விரிசலை நான் ஒருபோதும் சாதாரணமாக எடுத்துக்கொள்வதில்லை. சரிவு மொத்தமாக நழுவத் தொடங்கும்போது மேலே தெரியும் முதல் கோடு அது. அந்தப் பிறைக்கு உள்ளே இருக்கும் சாலைப்பகுதி, சரிவோடு சேர்ந்து கீழே போகக்கூடிய துண்டு. விரிசலின் சரிவுப் பக்கத்து ஓரம் மற்ற பக்கத்தைவிடத் தாழ்ந்திருந்தால், ஒரு நாணயத்தின் கனமே ஆனாலும், நகர்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை எளியது. விரிசலின் இரு பக்கத்திலும் ஒவ்வொரு கான்கிரீட் ஆணியை அடித்து, இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து, தேதியோடு எழுதி வையுங்கள். விரிசலின் இரு முனையிலும் பெயிண்டால் குறுக்குக்கோடு போடுங்கள். முனை கோட்டைத் தாண்டினால் விரிசல் நீள்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே ஆள் அளப்பது நல்லது.

இதை எனக்கு நம்பிக்கையோடு கற்றுக்கொடுத்தவர் ஒரு குடும்பத் தலைவி. மேட்டுப் பகுதித் தாமான் ஒன்றில் அவர் வீட்டுக்கு எதிரே விரிசல் விட்டிருந்தது. நாங்கள் ஆணி அடித்துவிட்டு வந்தோம்; அளக்க ஆள் அனுப்புவதாகச் சொன்ன தரப்பு ஆள் அனுப்பவில்லை. அவரே பிள்ளையின் பள்ளிக்கூட அளவுகோலை எடுத்துக்கொண்டு போய், ஆணிகள் நாங்கள் அடித்த அன்று இருந்ததைவிட எத்தனை மில்லிமீட்டர் விலகியிருக்கின்றன என்று காலைதோறும் பார்த்து, சமையலறையில் தொங்கிய நாள்காட்டியின் அன்றைய தாளில் எழுதிவந்தார். எட்டு நாள் கழித்து நான் போனபோது, கிழிக்காமல் மடித்து வைத்திருந்த தாள்களைக் காட்டினார்: 4, 4, 4, 5, 5, 5, 7, 12. முந்திய இரவு விடாத மழை. “இன்னைக்கு மட்டும் அஞ்சு கூடிருச்சு, தம்பி” என்றார். அந்தக் கடைசித் தாளைப் படம் எடுத்து அனுப்பித்தான் அன்று மதியமே அந்தப் பாதியை மூட அனுமதி வாங்கினோம். இரண்டாம் நாள் இரவு, விரிசலின் சரிவுப் பக்கத்தில் இருந்த தார் அத்தனையும் கரைக்கல்லோடு சேர்ந்து சரிவில் இறங்கிக் கிடந்தது. மேலே யாரும் இல்லை.

அந்த எண்களில் நீங்கள் பார்க்கவேண்டியது அளவை அன்று, அது கூடும் வேகத்தை. நான்கு மில்லிமீட்டரிலேயே மாதக்கணக்கில் நிற்கும் விரிசல் உண்டு. ஒவ்வொரு மழைக்கும் கூடி, மழை விட்டபின்னும் நிற்காத விரிசல் விழப்போகும் விரிசல்.

காரணங்களைத் தேடும் வரிசை இது. முதலாவது, சரிவின் மேல்விளிம்பில் யாராவது மண், கட்டடக் கழிவு, தோட்டக் குப்பை கொட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அந்தச் சுமையை அகற்றுவது மலிவானது, உடனே பலன் தருவது. இரண்டாவது, சாலைநீரோ வீட்டுக் கூரைநீரோ குழாய் வழியாகச் சரிவின் முகத்தில் நேராகக் கொட்டுகிறதா என்று பாருங்கள். மூன்றாவது, சரிவின் அடிவாரத்தை யாராவது வெட்டியிருக்கிறார்களா: காடி நிறுத்தும் இடத்துக்காக, கால்வாய் அகலப்படுத்துவதற்காக, வீட்டுப் பின்கட்டுக்காக. அடியை வெட்டுவது நாற்காலியின் முன்காலை எடுப்பதற்குச் சமம். நான்காவது, புதைத்த குழாயின் கசிவு. அதன் சோதனை அடுத்த தலைப்பில் வருகிறது. இவை எதுவும் இல்லையென்றால், கொட்டி நிரப்பிய மண்ணே பலவீனமானது என்று பொருள். அதைப் பொறியாளர்தான் சரிசெய்யவேண்டும்.

அதுவரை செய்யக்கூடிய தற்காலிக வேலை, விரிசலையும் அதற்குக் கீழுள்ள சரிவையும் கித்தான் விரித்து மூடுவது. கித்தானின் மேல்விளிம்பு விரிசலைத் தாண்டி ஒரு மீட்டராவது சாலைக்குள் வரவேண்டும். அங்கே மணல் மூட்டை வரிசையை நெருக்கமாக அடுக்கி, நீர் கித்தானுக்கு அடியில் புகாமல் கால்வாய்க்குத் திரும்பும்படி செய்யுங்கள். மேல்விளிம்பைத் திறந்துவிட்டுச் சரிவை மட்டும் மூடியிருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்படி மூடுவதால் எந்தப் பயனும் இல்லை.

பொறியாளரை அழைக்கவேண்டிய கட்டம்: விரிசல் பிறை வடிவில் இருந்தால், ஓரம் தாழ்ந்திருந்தால், ஒரே நாளில் சில மில்லிமீட்டர் கூடினால், சரிவின் கீழே வீடு இருந்தால். இவற்றில் ஒன்று போதும். நான்கும் சேரும்வரை காத்திருக்கக்கூடாது. சாலையோர வேலைக்காரர் யாராவது “பாக்காவ் கட்டை அடித்தால் நின்றுவிடும்” என்று சொன்னால் யோசியுங்கள். அலையாத்தி மரத்தாலான பாக்காவ் கட்டை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே எப்போதும் நனைந்திருக்கும்வரை நீண்டகாலம் உழைக்கும். நனைந்தும் காய்ந்தும் மாறும் மேட்டுச் சரிவில் அது உளுத்துப்போகும்.

அறிகுறி 3: ஒரே இடத்தில் பள்ளம் மீண்டும் மீண்டும் விழுகிறது

கால்வாயை ஒட்டி, மேன்ஹோலை ஒட்டி, அல்லது சாலைக்குக் குறுக்கே போகும் கல்வெர்ட்டின் (சாலைக்கு அடியில் நீர் கடக்கும் குழாய்ப்பாதையின்) மேலே இப்படி விழுந்தால், மேலிருந்து மண் இறுகுவது காரணம் அன்று. கீழே எங்கோ ஒரு வாசல் திறந்திருக்கிறது. மண் அதன் வழியாகப் போகிறது.

செந்தூல் பக்கம் ஒரு கோயில் வாசலில் நடந்ததைச் சொல்கிறேன். சாலையோரத்தில், கால்வாய்க்கு இரண்டு அடி தள்ளி, ஒரு தட்டு அளவுக்குப் பள்ளம் விழும், பிரீமிக்ஸ் போடுவார்கள், ஆறு மாதத்தில் மீண்டும் விழும். அங்கே பூமாலை கட்டி விற்ற பெரியவர் என்னைப் பார்த்ததும், “நேத்து நேராத்தான் இருந்துச்சு, இன்னைக்கு நாற்காலி ஒரு பக்கம் சாயுது, பாருங்க” என்று தம் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினார். ஒரு கால் விரற்கடை அளவு புதைந்திருந்தது. நாங்கள் சதுரமாக வெட்டித் திறந்தோம். வெட்டிய முகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு பிரீமிக்ஸ் அடுக்குகள், கேக் லாப்பிஸ் எனும் அடுக்குக் கேக்கின் துண்டுபோலத் தெரிந்தன. நான்கு முறை ஒட்டுப்போட்டதன் சாட்சி. அதற்குக் கீழே கிரஷர் ரன் இருக்கவேண்டிய இடத்தில் கை முழங்கைவரை போகும் வெற்றிடம். அதன் அடியில் டார்ச் அடித்துப் பார்த்தபோது, கால்வாய்ச் சுவரின் இரண்டு கான்கிரீட் துண்டுகள் சேரும் இடத்தில் விரல் அகல இடைவெளி. அதன் வழியே கால்வாயின் வெளிச்சம் வந்தது. மழை வந்து கால்வாய் நிறையும்போது அந்த இடைவெளி வழியாக நீர் மண்ணுக்குள் புகும். மழை விட்டுக் கால்வாய் வடியும்போது புகுந்த நீர் மணலையும் இழுத்துக்கொண்டு திரும்பும். ஒவ்வொரு மழைக்கும் ஒரு பிடி மணல் போனால்கூட, ஆண்டு முழுவதும் மழை பெய்யும் ஊரில் அது எவ்வளவு என்று எண்ணிப்பாருங்கள். சுவர் இணைப்பைச் சிமெண்டுக் கலவையால் அடைத்து, பின்புறம் மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணியைப் பொருத்தி, கிரஷர் ரன்னை 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக இறுக்கி மூடினோம். அதற்குப் பிறகு அந்தப் பெரியவரின் நாற்காலி சாயவில்லை.

ஆகவே சோதனைகளைக் கால்வாய்க்கு உள்ளே இருந்து தொடங்குங்கள். மழையில்லாத நாளில் கால்வாய்ச் சுவரைப் பாருங்கள்: இணைப்பில் இடைவெளி, அதன் கீழே விசிறிபோல் படிந்த மணல், அங்கு மட்டும் முளைத்த பாசி அல்லது செடி. அடுத்து, கால்வாயின் சேறு பிடிக்கும் தொட்டியைத் திறந்து பாருங்கள். இலையும் கறுத்த சேறும் இயல்பு. சுத்தமான மணலோ சிறுகல்லோ கிடந்தால், அது சாலைக்கு அடியிலிருந்து வந்தது.

பிறகு, இரண்டு நாள் மழையில்லாத பின் விடியற்காலை, ஊர் எழுவதற்கு முன், கால்வாயில் நீர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது கசிவு. கையில் அள்ளி, குளோரின் சோதனைத் துளியை விடுங்கள். நிறம் மாறினால் அது குடிநீர்க் குழாயின் நீர். நீர் விநியோக நிறுவனத்தை அழைக்கலாம். நிறம் மாறாவிட்டால் குடிநீர்க் குழாய் இல்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மண்ணூடே ஊறி வரும்போது குளோரின் அழிந்துவிடும். நாற்றமும் நுரையும் இருந்தால் கழிவுநீர்க் குழாய். பக்கத்து வீட்டாரின் அனுமதியோடு அவர்கள் கழிவறையில் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் கால்வாயில் காத்திருந்தால், அந்த வீட்டு இணைப்பு உடைந்திருப்பதைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் உறுதிசெய்துவிடலாம்.

கடைசியாக, பள்ளத்தின் சுற்றுப்புறத்தைக் கடப்பாரையின் பின்முனையால் ஓர் அடி இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். திடமான இடம் “டக்” என்று கேட்கும். வெற்றிடம் “டொம்” என்று கேட்கும். ஓசை மாறும் புள்ளிகளைப் பெயிண்டால் குறித்து இணைத்தால் வெற்றிடத்தின் எல்லை தெரியும். எல்லை ஒரு மீட்டரைத் தாண்டினால் மேலே நின்று தட்டுவதை அங்கேயே நிறுத்தி, சாலைக்குப் பொறுப்பான அமைப்பை அழையுங்கள்.

அறிகுறி 4: எச்சரிக்கையின்றி வட்டமாக ஒரு குழி திறந்துவிட்டது

2024 ஆகஸ்ட் 23 அன்று ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை திறந்து, இந்தியாவிலிருந்து வந்திருந்த பெண் ஒருவர் சுமார் எட்டு மீட்டர் ஆழக் குழிக்குள் விழுந்ததை நம்மில் யாரும் மறந்திருக்க முடியாது. நாம் சேலை எடுக்கவும் சாப்பிடவும் போகும் தெரு அது. ஐந்து நாள் கழித்து அருகிலேயே இரண்டாவது குழியும் திறந்தது. ஆகஸ்ட் 31 அன்று தேடுதல் நிறுத்தப்பட்டது, அவர் கிடைக்கவில்லை. இந்தத் தலைப்பை எழுதும்போது எனக்குக் கை தயங்குகிறது; ஆனாலும் எழுதித்தான் ஆகவேண்டும்.

கோலாலம்பூர் நகரின் பெரும்பகுதிக்கு அடியில் இருப்பது சுண்ணாம்புப்பாறை. பத்துமலையில் குகையாகக் கண்ணுக்குத் தெரியும் அதே வகைப் பாறை, நகருக்குள் மண்ணுக்கு அடியில் பொந்தும் பிளவுமாகக் கிடக்கிறது. அதோடு, சுங்கை பெசியில் வெள்ளீயம் தோண்டிய பெருங்குழி இன்று ஏரியாக இருப்பதுபோல, தோண்டி மூடிய பழைய சுரங்க நிலமும் இங்கே உண்டு. பழைய குழாய்கள், மூடப்பட்ட கால்வாய்கள், அடித்தளம் தோண்டுவதற்காக நிலத்தடி நீரை இறைப்பது என இவையெல்லாம் சேரும்போது மேல்மண் கீழுள்ள வெற்றிடத்துக்குள் வடிகிறது.

இந்த அறிகுறிக்கு நீங்களே செய்யும் பழுதுநீக்கம் கிடையாது. செய்யவேண்டியது மறிப்பதும் அழைப்பதும்தான். லோரி மண்ணைக் கொட்டி மூடச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். மூடிய மண்ணும் அதே வழியில் போகும். அடியில் உடைந்த குழாய் இருந்தால் அதைத் தேடும் வழியும் அடைபடும். பொறுப்பான அமைப்பு வந்தபின் நீங்கள் கேட்கவேண்டியவை மூன்று: அந்த இடத்தின் குழாய்களுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்களா, தரையை ஊடுருவும் ரேடார் கொண்டு சுற்றுப்புறத்தை எவ்வளவு தூரத்துக்குச் சோதித்தார்கள், அருகில் எங்காவது நிலத்தடி நீரை இறைக்கும் கட்டுமானம் நடக்கிறதா.

குழி திறக்கும் முன்பு சில நேரங்களில் அறிகுறி இருக்கும்: நடைபாதைக் கற்கள் கிண்ணம்போல் வட்டமாகத் தாழ்வது, விளக்குக் கம்பம் சாய்வது, மழைநீர் தேங்காமல் ஓரிடத்தில் மட்டும் மண்ணுக்குள் சுழன்று மறைவது. கடைசியாகச் சொன்னதைக் கண்டால் அன்றே புகார் கொடுங்கள்.

அறிகுறி 5: தாங்கு சுவர் வயிறு தள்ளுகிறது, இரும்புத் தடுப்பு வரிசை தவறுகிறது

சாலையோர இரும்புத் தடுப்பின் ஒரு முனையில் குனிந்து, ஒற்றைக் கண்ணால் அதன் நீளத்துக்குப் பாருங்கள். நேராக ஓடவேண்டிய கோடு ஓரிடத்தில் வெளிப்புறமாகவோ கீழாகவோ வளைந்திருந்தால், மோதிய தழும்பு இருக்கிறதா என்று தேடுங்கள். தழும்பு இல்லையென்றால் நகர்ந்தது தடுப்பு அன்று, அது ஊன்றியிருக்கும் மண்.

சுவருக்கு முதல் சோதனை அதன் நீர்த்துளைகள். மழை பெய்து ஓய்ந்த அரை மணி நேரத்தில் துளைகளிலிருந்து நீர் சொட்டவேண்டும். ஊரே நனைந்திருக்கும்போது துளைகள் காய்ந்திருந்தால், அவை அடைபட்டு நீர் சுவருக்குப் பின்னால் தேங்கியிருக்கலாம். மெல்லிய கம்பியை விட்டு அடைப்பை நீக்குவது அரைநாள் வேலை. ஆனால் சுவர் ஏற்கெனவே சாய்ந்திருந்தால் அதன் கீழே நின்று அந்த வேலையைச் செய்யக்கூடாது. துளையில் தெளிந்த நீர் வருவது நன்று. கலங்கிய நீர் வந்தால் சுவருக்குப் பின்னாலுள்ள மண் போய்க்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, சுவரின் தலையில் உள்ள சுமை. வரிசையாக நிறுத்திய லோரிகள், மணல் குவியல், நீர்த்தொட்டி, பிற்பாடு கட்டிய கடை எதுவானாலும் சுவர் கட்டியபோது அது கணக்கில் இருந்திராது. மூன்றாவது, தூக்குக்குண்டைச் சுவரின் உச்சியிலிருந்து தொங்கவிட்டு, நூலுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை மூன்று உயரங்களில் அளந்து, மாதந்தோறும் ஒப்பிடுங்கள். சில சுவர்கள் கட்டும்போதே உட்புறம் சாய்த்துக் கட்டப்பட்டவை. ஆகவே சாய்வைவிட, அது மாறுகிறதா என்பதைப் பாருங்கள். சிமெண்டில் பதித்த கருங்கல் சுவர்களில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே படிக்கட்டுபோல் விரிசல் ஓடினால், கலவை பூசி மறைக்காமல் விட்டுவிடுங்கள். பொறியாளருக்கு அந்த விரிசல்தான் தகவல்.

செலவு இங்கே விரைவாக ஏறும். துளை சுத்தம் செய்வதும் சுமையை இறக்குவதும் ஒரு பக்கம். சுவருக்குப் பின்னால் வடிகால் போடுவது, கம்பிவலைக் கற்பெட்டிச் சுவர் எழுப்புவது, மண்ணுக்குள் நீண்ட கம்பிகளைப் பொருத்திப் பிணைப்பது, மைக்ரோபைல் எனும் மெல்லிய ஆழத் தூண்களை இறக்குவது ஆகியவை மறுபக்கம். அடுக்குமாடி வளாகத்துக்குள் இருக்கும் சாலையும் சுவரும் வீட்டு உரிமையாளர்கள் அனைவருக்கும் பொதுவான சொத்து. அவற்றுக்கு நிர்வாகக் கூட்டமைப்பே பொறுப்பு. பெயிண்ட் அடிப்பதற்கு முன் இதற்கு சிங்கிங் ஃபண்டிலிருந்து (பெரும் பழுதுகளுக்காகச் சேர்த்துவைக்கும் நிதியிலிருந்து) பணம் ஒதுக்குங்கள் என்று ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் எழுந்து சொல்ல யாராவது ஒருவர் வேண்டும்.

அறிகுறி 6: மேட்டுப் பக்கத்திலிருந்து சாலைக்கு மண் வருகிறது

மழைக்குப் பிறகு சாலையில் படிந்திருக்கும் மெல்லிய செம்மண் குழம்பு, மேலே புல் போன இடத்திலிருந்து வந்திருக்கலாம். புல் பதித்தால் நிற்கும். ஆனால் கட்டி கட்டியாக மண்ணும், வேரோடு புல்லும் விழுந்திருந்தால், சரிவின் அடி நகர்கிறது. அந்த மண்ணை உடனே வாரி அள்ளாதீர்கள், குறிப்பாக மழை நிற்கும் முன். விழுந்து கிடக்கும் மண்ணே மேலுள்ளதைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். அதை எடுத்தால் அடுத்த பாகமும் இறங்கும்.

மேலே பாதுகாப்பாகப் போகமுடிந்தால், வறண்ட நாளில் சரிவின் படிக்கால்வாய்களை நடந்து பாருங்கள். கான்கிரீட் கால்வாய் குறுக்காக வெடித்து, ஒரு பகுதி தாழ்ந்திருந்தால், மேலிருந்து வரும் நீர் முழுவதும் அந்த வெடிப்பில் இறங்கும். கால்வாய் இல்லாததைவிட இது மோசம். மரங்களின் அடி வளைந்து நுனி மட்டும் நிமிர்ந்திருப்பது மண் நெடுங்காலமாக மெல்ல நகர்வதைக் காட்டும். பினாங்குத் தீவின் மலைச்சாலைகளில் இன்னொன்றையும் பார்க்கவேண்டும். அங்கே கருங்கல் பாறை மக்கி மண்ணாகும்போது நடுவில் மக்காத உருண்டைக் கற்கள் மிஞ்சும். சுற்றியுள்ள மண்ணை மழை கரைத்துவிட்டால் கல் உருளும். பத்து பெரிங்கி, பாலிக் பூலாவ் சாலைகளில் அப்படிப்பட்ட கல்லின் அடியில் புதிதாக நிழல் விழும் இடைவெளி தெரிந்தால், படமெடுத்து அனுப்புங்கள், அருகில் போகவேண்டாம்.

மேட்டுச் சரிவின் வடிகாலை அலட்சியம் செய்வது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இந்த ஊர் 1993 டிசம்பர் 11 அன்று பார்த்தது. உலு கிள்ளானில் ஹைலேண்ட் டவர்ஸின் ஒரு கட்டடம் சாய்ந்து 48 பேர் இறந்தார்கள். 2003 நவம்பர் 26 அன்று புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து நெடுஞ்சாலை ஏறத்தாழ ஆறு மாதம் மூடிக்கிடந்தது. அதற்குப் பிறகே, 2004இல், பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்று தனிப் பிரிவு அமைந்தது. 2008 டிசம்பர் 6 விடியற்காலையில் புக்கிட் அந்தாராபங்சாவில் மண் சரிந்தது. மூன்றும் ஆண்டின் கடைசி இரண்டு மாதங்களில் நடந்தவை. ஆனால் 20 பேரைப் பலிகொண்ட கெந்திங் செம்பா மண்சரிவு 1995 ஜூன் 30 அன்று வந்தது. ஆகவே எந்த மாதத்தையும் பாதுகாப்பானது என்று நான் சொல்லமாட்டேன். கிள்ளான் பள்ளத்தாக்கில் கனமழை கூடும் பருவங்கள் இரண்டு: மார்ச் இறுதி முதல் மே வரை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை. கால்வாய், நீர்வாய், சுவர்த்துளை, படிக்கால்வாய் அத்தனையையும் மார்ச் தொடக்கத்தில் ஒருமுறையும் செப்டம்பரில் ஒருமுறையும் சுத்தம் செய்துவிடுங்கள். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது கால்வாயையும் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டால், முதல் பெருமழை முந்திக்கொள்ளும்.

யாரை அழைப்பது

கோலாலம்பூருக்குள் உள்ள தாமான் சாலை என்றால் மாநகர் மன்றம். கூட்டரசு சாலை என்றால் பொதுப்பணித் துறை. டோல் நெடுஞ்சாலை என்றால் அதன் பராமரிப்பு நிறுவனம். வேலியடைத்த வளாகம் என்றால் நிர்வாகக் குழு. புகாரில் “சாலை மோசமாக இருக்கிறது” என்று எழுதினால் பிரீமிக்ஸ் லோரிதான் வரும். அருகிலுள்ள விளக்குக் கம்பத்தின் எண், விரிசலின் நீளம், இன்றைய அகலம், சென்ற வாரத்து அகலம், நாணயமோ அளவுகோலோ பக்கத்தில் வைத்து எடுத்த படம், மழைநாளில் நீர் போகும் திசை ஆகியவற்றை எழுதினால், படித்துப் பார்த்து அளவுக்கருவியோடு ஆள் அனுப்பும் வாய்ப்பு கூடும். தனியாகப் பொறியாளரை அமர்த்துவதென்றால், மலேசியப் பொறியியலாளர் வாரியத்தில் பதிவுபெற்ற, மண்ணியல் துறையில் வேலை செய்தவரா என்று கேளுங்கள்; வீடு கட்டும் பொறியாளர் எல்லாரும் சரிவுப் பொறியாளர் அல்லர்.

சரிசெய்த பிறகும் அதே இடம் இறங்கினால்

மூடிய ஒரு மாதத்துக்குள் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவாகத் தாழ்ந்து நின்றுவிட்டால், நிரப்பிய மண் சரியாக இறுகவில்லை என்று பொருள். குத்தகையாளரைத் திரும்ப அழைத்து, அடுக்கடுக்காக இறுக்கச் சொல்லலாம். ஒவ்வொரு மழைக்கும் தாழ்ந்துகொண்டே போனால், நாம் அடைத்த வாசலைத் தவிர வேறொரு வாசல் இருக்கிறது. அப்போது அதே சதுரத்தை மீண்டும் வெட்டாதீர்கள். அதன் கீழ் ஓடும் குழாயின் முந்தைய மேன்ஹோலிலிருந்து அடுத்த மேன்ஹோல்வரை முழு நீளத்துக்கும் கேமரா விட்டு, பதிவை உங்களுக்கும் ஒரு படி தரச் சொல்லுங்கள். எத்தனையாவது மீட்டரில் இணைப்பு விலகியிருக்கிறது என்று அதில் எண்ணாகவே தெரியும். அந்த எண்ணைச் சாலையின் மேல் அளந்து பெயிண்டால் குறித்த பின்னரே அடுத்த வெட்டைத் தொடங்கவேண்டும்.